குழாய் ஒன்று, பதிவேடு வேறொன்று

‘மூட்டில்லாத குழாய்’ என்று ஒரு பதிவு. கலிஃபோர்னியாவின் பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கணினியில், 1956-ல் சான் புருனோ நகரத்தில் பதித்த 30 அங்குல எரிவாயுக் குழாயின் ஒரு பகுதிக்கு எதிரே அப்படித்தான் எழுதியிருந்தது. குழாயின் நெடுக்கில் வெல்டிங் மூட்டு எதுவுமே கிடையாது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்தக் குழாய் பதிக்கப்பட்ட காலத்தில் 30 அங்குல விட்டத்தில் மூட்டில்லாத குழாய் செய்யும் தரச்சான்று பெற்ற ஆலை அமெரிக்காவிலேயே இல்லை. குழாய்த் தொழில் தெரிந்த யார் அந்தப் பதிவைப் படித்திருந்தாலும் ‘இது எப்படி?’ என்று கேட்டிருப்பார்கள். நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரிகளும் கேட்கவில்லை.

2010 செப்டம்பர் 9 மாலை, 6 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அந்தப் பகுதி வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. உடைந்த குழாயை எடுத்துப் பார்த்தபோதுதான் அது சிறு சிறு துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது என்று தெரிந்தது. சில துண்டுகளின் நெடுக்கு மூட்டில் வெளிப்புறம் மட்டும் பற்றவைத்திருந்தார்கள், உட்புறத்தில் வெல்டிங்கே இல்லை. அந்தக் குறையோடு அது 54 ஆண்டுகள் தெருவுக்கு அடியில் கிடந்தது.

எரிவாயுக் குழாய் விபத்து என்றாலே ‘சட்டம் போதாது, இன்னும் கடுமையாக்க வேண்டும்’ என்று சொல்லிவிடுகிறோம். சான் புருனோ பற்றிய விசாரணை முடிவுகளைப் படித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அங்கே சட்டம் இருந்தது, விதிகள் இருந்தன, ஆய்வாளர்கள் இருந்தார்கள், ஆய்வும் நடந்தது. எல்லோரும் பார்த்தது நிறுவனம் எழுதி வைத்திருந்ததை. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் இந்தக் கண்காணிப்பு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1965 மார்ச்சில் லூசியானா மாநிலத்தின் நாக்கடிஷ் அருகே எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். 1968-ல் இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970-ல் விதித்தொகுப்பு வெளியானது. இன்று அதை நடைமுறைப்படுத்துவது குழாய்வழி மற்றும் அபாயகரப் பொருள்கள் பாதுகாப்பு நிர்வாகம். 2004-ல் உருவான அமைப்பு, துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘ஃபிம்சா’ என்பார்கள். மாநில எல்லைகளைத் தாண்டி ஓடும் பெருங்குழாய்கள் ஒன்றிய அரசின் பொறுப்பு. ஒரே மாநிலத்துக்குள் ஓடும் குழாய்களை, வீடுகளுக்குப் பிரிந்து போகும் வலைப்பின்னல் உட்பட, பெரும்பாலும் மாநில ஆணையங்களின் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அதற்கான செலவில் 80 விழுக்காடு வரை ஒன்றிய அரசு கொடுக்கலாம்.

ஆய்வாளர் வந்தால் என்ன செய்வார்? குழாயைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தால் தவறு. குழாய் மண்ணுக்கு அடியில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அவர் பெரும்பாலும் நிறுவன அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டுவார். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் குழாய்க்கு மெல்லிய மின்னோட்டம் கொடுப்பார்கள். அதைத் தரும் ரெக்டிஃபையர்களை ஆண்டுக்கு 6 முறை பார்க்க வேண்டும், இரண்டு சோதனைகளுக்கு நடுவே இரண்டரை மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பார்த்தார்களா? தேதி இருக்கிறதா? எரிவாயுவில் கலக்கும் மணமூட்டி, காற்றில் வாயு தீப்பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும். சோதித்தார்களா? அந்த வேலையைச் செய்தவருக்குத் தகுதிச் சான்று உண்டா? அப்புறம் களத்துக்குப் போய், சில வால்வுகளைத் திருகிக் காட்டச் சொல்வார், சில இடங்களில் மின்னழுத்தத்தை அளந்து காட்டச் சொல்வார்.

இந்த வகை விதிகளை நடைமுறைப்படுத்துவது கடினமில்லை. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. மீறினால் உடனே தெரியும். சிக்கல் 2003-க்குப் பிறகு வந்த இன்னொரு வகை விதியில் இருக்கிறது.

அதற்குக் காரணமும் ஒரு விபத்துதான். 2000 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே, பெக்கோஸ் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த உறவினர்கள் 12 பேரும் எல் பாசோ நிறுவனத்தின் குழாய் வெடித்து இறந்தார்கள். 1950-ல் பதித்த குழாய் அது. உள்ளே சேர்ந்த நீரும் கசடும் உட்சுவரை அரித்து மெலிய வைத்திருந்தன. சுவரின் தடிப்பை உள்ளிருந்தே அளக்கும் ‘பிக்’ என்ற கருவியை அந்தப் பகுதிக்குள் அனுப்ப வழியில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்லவில்லை. விபத்துக்கு முன்பு ஒன்றிய அரசு நடத்திய ஆய்வுகள் நிறுவனத்தின் துருத்தடுப்பு ஏற்பாட்டில் இருந்த குறையைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது.

அதன் பிறகு வந்த விதி, ஒவ்வொரு நிறுவனமும் தன் குழாய்க்கு என்னென்ன ஆபத்து என்று தானே கணக்கெடுத்து, அதற்கேற்ற சோதனையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் 7 ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுசோதனை வேண்டும். யோசனை நல்லதுதான். எல்லாக் குழாய்க்கும் ஒரே சோதனை பொருந்தாது என்பது உண்மை. உள்ளே பிக் ஓட்டலாம்; குழாயில் தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கலாம்; அல்லது மேலே இருந்து கருவிகளால் அளந்து, சந்தேகமான இடங்களில் மட்டும் தோண்டிப் பார்க்கலாம். மூன்றாவது வழி செலவு குறைந்தது. ஆனால் அது வெளித்துருவைத்தான் காட்டும், நெடுக்கு மூட்டில் இருக்கும் குறையைக் காட்டாது.

சான் புருனோ குழாய்க்கு நிறுவனம் தேர்ந்தெடுத்தது அந்த மூன்றாவது வழியை. மூட்டே இல்லாத குழாய்க்கு மூட்டுச் சோதனை எதற்கு? பதிவேட்டில் இருந்த ஒரு தவறான சொல் சோதனை முறையைத் தீர்மானித்தது, அந்தச் சோதனை தவறைக் காட்டவே முடியாததாக இருந்தது. மாநில ஆணையம் இந்தத் திட்டத்தை 2005-லும் 2010-லும் தணிக்கை செய்தது. திட்டம் என்று ஒன்று இருக்கிறதா, அதன்படி நடக்கிறார்களா என்று பார்த்தார்களே தவிர, அதன் அடியில் இருக்கும் தகவல் சரியா என்ற கேள்வி எழவில்லை. நிறுவனமே தன் பரீட்சைக்கு வினாத்தாள் எழுதும்போது, விடைகளைவிட வினாத்தாளை அல்லவா திருத்த வேண்டும்? அதற்கு நிறுவனப் பொறியாளருக்கு இணையான அறிவு ஆய்வாளருக்கு வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு, என்னை மிகவும் வருத்தியது இதுதான். மூட்டுக் குறை இருக்கலாம் என்று கருதப்படும் குழாயில், முந்தைய 5 ஆண்டுகளில் இருந்த உச்ச அழுத்தத்தைத் தாண்டினால், அதை முன்னுரிமை கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த உச்சத்தைத் தக்கவைத்துக்கொள்ள நிறுவனம் 2003 டிசம்பரிலும், மறுபடி 5 ஆண்டு கழித்து 2008 டிசம்பரிலும், குழாயின் அழுத்தத்தை வேண்டுமென்றே அனுமதித்த எல்லையான 400 பவுண்டு வரை ஏற்றி இறக்கியது. சதுர அங்குலத்துக்கு என்ற கணக்கு அது. குழாய் வெடித்த அன்று இருந்த அழுத்தம் 386 பவுண்டு. ஆபத்தைத் தடுக்க எழுதிய விதியின் சொற்களைக் காப்பாற்றுவதற்காக, பலவீனமான குழாயை இன்னும் வருத்தியிருக்கிறார்கள்.

சரி, 1956-ல் பதித்த குழாயை ஒரு முறையாவது தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தால்? குறை அப்போதே வெளிப்பட்டிருக்கும் என்பதே விசாரணையின் கணிப்பு. சோதிக்காததற்குச் சட்டமே இடம் கொடுத்தது. கலிஃபோர்னியா 1961-ல் புதிய குழாய்களுக்கு அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது பழையவற்றுக்கு விலக்கு அளித்தது. 1970-ல் ஒன்றிய அரசும் அதையே செய்தது: 1970 ஜூலைக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குழாய் எந்த அழுத்தத்தில் ஓடியதோ, அதையே உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளலாம். 1968 சட்டமே, வடிவமைப்பு, கட்டுமானம், தொடக்கச் சோதனை ஆகியவற்றுக்கான விதிகளை ஏற்கெனவே மண்ணில் இருக்கும் குழாய்கள் மேல் ஏவக் கூடாது என்று அரசின் கையைக் கட்டியிருந்தது. அந்தப் பிரிவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆக, மிகவும் பழையதும் மிகக் குறைவாக அறியப்பட்டதுமான குழாய்களுக்குத்தான் மிகக் குறைந்த சோதனை.

பிரிட்டன் இதில் வேறு பாதையில் போனது. 1999 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லார்க்ஹாலில் அரித்துப்போன இரும்புக் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு ஒரு வீட்டை வெடிக்க வைத்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். டிரான்ஸ்கோ நிறுவனத்துக்கு 2005-ல் 1.5 கோடி பவுண்டு அபராதம். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, கட்டடங்களுக்கு 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்கள் அனைத்தையும் 30 ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்று 2002-ல் தொடங்கிய திட்டத்தை. பழையது என்பதற்கு அங்கே விலக்கு இல்லை, கெடுதான் இருந்தது.

கண்காணிப்பவர் யார் என்பதும் சும்மா விடக்கூடிய கேள்வி இல்லை. கலிஃபோர்னியாவில் எரிவாயுக் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையமே பாதுகாப்பையும் பார்க்கிறது. கட்டணம் பற்றி நிறுவனத்தோடு பேச்சு ஆண்டு முழுக்க நடக்கும், பாதுகாப்பு பற்றிய பேச்சு விபத்து நடந்தால்தான் சூடுபிடிக்கும். ஒரு கட்டண வழக்கை எந்த நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று நிறுவன அதிகாரிகள் ஆணையத்தோடு தனிப்பட்ட முறையில் பேசிய மின்னஞ்சல்கள் 2014-ல் வெளியே வந்தன. நிறுவனம் மூன்று உயரதிகாரிகளை நீக்கியது. ஆணையத்தின் தலைவர் அந்த ஆண்டின் இறுதியில் பதவியை விட்டுப் போனார். மாநில ஆணையத்தை ஒன்றிய அரசு சரியாக மேற்பார்வையிடவில்லை என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் வழக்குப் போட்டது. ஒழுங்குமுறை அமைப்பு தன் வேலையைச் செய்யவில்லை என்று குடிமக்கள் வழக்குத் தொடர இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதியை மீறும் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம். விதியைச் செயல்படுத்தாத அரசின் மேல் போட முடியாது.

அபராதத்துக்கு வருவோம். ஃபிம்சா விதிக்கக்கூடிய சிவில் அபராதம், 2012 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2 லட்சம் டாலர், தொடர் மீறலுக்கு உச்சமாக 20 லட்சம் டாலர். பணவீக்கத்தைச் சேர்த்து இன்று அந்த உச்சம் 25 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. சான் புருனோவில் மாநில ஆணையம் 2015-ல் மொத்தம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதில் 30 கோடி மாநிலக் கருவூலத்துக்கு, 40 கோடி வாடிக்கையாளர் கட்டணத்தில் கழிவு; 85 கோடியைப் பங்குதாரர்கள் பணத்திலிருந்து குழாய்ப் பாதுகாப்புக்குச் செலவழிக்க வேண்டும்; மீதி வேறு சீர்திருத்தங்களுக்கு. கருவூலத்துக்குப் போகும் பணத்தைவிடக் குழாய்க்குத் திரும்பும் பணம் பெரிதாக இருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குற்றவியல் வழக்கு வேறு மாதிரி முடிந்தது. 2016-ல் நடுவர் குழு, பாதுகாப்புச் சட்ட மீறல் 5, விசாரணையைத் தடுத்தது 1 என ஆறு குற்றச்சாட்டுகளில் நிறுவனம் குற்றவாளி என்றது. 56 கோடி டாலர் வரை அபராதம் கேட்க வழி இருந்தும் அரசுத் தரப்பு விசாரணை நடுவே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதால், விதிக்க முடிந்தது 30 லட்சம் டாலர். அந்த ஆண்டு நிறுவனத்தின் வருவாய் 1,700 கோடி டாலருக்கு மேல். தனி மனிதர் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

அபராதத்தைவிட வேகமான ஆயுதம் அரசின் கையில் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஆபத்து என்று தெரிந்தால் ‘திருத்த நடவடிக்கை ஆணை’ போட்டு, அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லலாம், குழாயை மூடவே சொல்லலாம். அபராத வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கார்ல்ஸ்பாட் வழக்கு 1.55 கோடி டாலர் சமரசத்தில் முடிய 2007 ஆனது. அழுத்தக் குறைப்பு அன்றைக்கே நடக்கும். வாயு குறைவாக ஓடும் ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கு இழப்பு என்பதால், பழுது சீக்கிரம் சரியாகும். ஆனால் இந்த ஆணை பெரும்பாலும் குழாய் வெடித்த பிறகுதான் வருகிறது.

விதி எழுதவே ஆகும் காலத்துக்கு வால்வு ஒரு நல்ல உதாரணம். 1994-ல் நியூ ஜெர்சியின் எடிசனில் குழாய் வெடித்தபோது வாயுவை நிறுத்த இரண்டரை மணி நேரம் ஆனது. சான் புருனோவில் 95 நிமிடம். கையால் திருக வேண்டிய வால்வுகள். அவற்றை அடைக்க ஊழியர்கள் வண்டியில் போக வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் தீ எரிந்துகொண்டே இருந்தது. தொலைவிலிருந்தோ தானாகவோ மூடும் வால்வு வேண்டும் என்ற விதி 2022-ல்தான் வந்தது, அதுவும் புதிதாகப் போடும் அல்லது மாற்றும் பெரிய குழாய்களுக்கு மட்டும்.

2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸின் மெரிமாக் பள்ளத்தாக்கில் நடந்ததற்குத் துரு காரணமில்லை, வயதும் காரணமில்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயை ஓய்வு கொடுத்துப் புதிதாக மாற்றும் நல்ல வேலைதான் நடந்தது. ஆனால் அழுத்தத்தை உணர்ந்து சொல்லும் சிறு குழாய்கள் இன்னும் பழைய குழாயோடு இணைந்திருந்தன. அங்கே அழுத்தம் இறங்கியதும், ‘வாயு போதவில்லை’ என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டு வால்வுகள் முழுதாகத் திறந்துகொண்டன. வீடுகளுக்குள் அதிக அழுத்த வாயு பாய்ந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், 131 கட்டடங்கள் சேதமாயின. உரிமம் பெற்ற பொறியாளர் வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற பொதுவான விதியிலிருந்து அந்த மாநிலத்தில் எரிவாயு நிறுவனங்களுக்கு விலக்கு இருந்தது. அந்த ஆண்டு கடைசி நாளில் விலக்கை நீக்கினார்கள். கொலம்பியா கேஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5.3 கோடி டாலர் கட்டியது, மாநிலத்தில் தன் தொழிலையே விற்றுவிட்டு வெளியேறியது. தண்டனை பணத்தோடு நிற்காமல் தொழில் நடத்தும் உரிமை வரை எட்டிய அரிய வழக்கு இது.

இந்தியாவில் 2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திரத்தில் ‘நகரம்’ என்ற பெயர் கொண்ட கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடியதும், அந்த ஈரம் உள்ளிருந்து அரித்ததும் விசாரணையில் வெளிவந்தன. கார்ல்ஸ்பாடில் நடந்ததன் இன்னொரு வடிவம். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கு அதிகாரம் தரும் 2006 சட்டத்தில் சிவில் அபராதத்தின் வரம்பு ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபாய், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம். இங்கும் கேள்வி அதேதான்: ஈர வாயு ஓடுகிறது என்பது குழாயை இயக்கியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது, தணிக்கைக்கு வந்தவர் முன்னால் அந்தத் தகவல் வைக்கப்பட்டதா, அவர் கேட்டாரா?

சான் புருனோவுக்குப் பிறகு, 2011 ஜனவரியில், போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நிறுவனத்துக்கு ஒரு அவசரப் பரிந்துரை அனுப்பியது. எந்தக் குழாய் எந்த அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்குத் தடம் காணக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, முழுமையான ஆவணங்களைத் தேடி எடுங்கள். மார்ச் மாதம் பக்கத்து ஊரான டேலி சிட்டியின் ‘கௌ பேலஸ்’ உள்ளரங்கத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய காகிதங்கள் வந்து இறங்கின. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இரவு பகலாக மேசைகளில் உட்கார்ந்து, தங்கள் நிறுவனம் மண்ணில் எதைப் புதைத்தது என்று தேடினார்கள்.

அந்தத் தேடலை எல்லா நிறுவனங்களுக்கும் கடமையாக்கும் ஒன்றிய விதி 2019 அக்டோபரில் வந்தது. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஆவணம் இல்லாத குழாய்களையும், 1970 விலக்கின் நிழலில் ஓடும் அதிக அழுத்தக் குழாய்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். பாதி வேலைக்கு 2028 ஜூலை வரை கெடு, மீதிக்கு 2035 ஜூலை வரை. 1956-ல் பதித்த ஒரு குழாய் தன் முதல் அழுத்தச் சோதனைக்காக 79 ஆண்டுகள் காத்திருக்க அந்தக் கெடு இடம் தருகிறது. அதுவரை ஆய்வாளர் கையில் இருக்கப்போவது பதிவேட்டில் எழுதியிருக்கும் சொல் மட்டும்தான்.